பிளாஸ்மாவுக்குள் போகும் லேசர் ஒளி ஏன் திரும்பி வருகிறது?

வெற்றிடத்தில் இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கிட்டால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. ஊடுருவிக் கடந்து அதனதன் பாட்டுக்குப் போய்விடும். பிளாஸ்மாவுக்குள் அப்படி நடப்பதில்லை. அங்கே ஒரு கற்றை இன்னொன்றின் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். உள்ளே போன ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறி, வந்த வழியே திரும்பும். சீராகப் போய்க்கொண்டிருந்த கற்றை நார் நாராகப் பிரிந்துபோகும். லேசரைக் கொண்டு ஒரு சிறு இலக்கை நெருக்கி அணுக்கரு இணைவை (சூரியனுக்குள் நடப்பதுபோல் இலேசான அணுக்கருக்கள் ஒன்றாகச் சேர்வதை) நடத்த முயல்பவர்களுக்கு அரை நூற்றாண்டாகத் தீராத தலைவலி இதுதான்.

இந்த நிகழ்வுகளுக்கு ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலைப் பார்த்தே பல மாணவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது ஒரே சுழற்சி. அதை ஒருமுறை நிதானமாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வந்து பொருந்தும். பள்ளி இயற்பியலில் படித்த அலை, அதிர்வெண், அலைநீளம் மூன்றும் நினைவில் இருந்தால் போதும், கணக்கு வேண்டாம்.

பிளாஸ்மாவின் தாளம்

வாயுவைக் கடுமையாகச் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துவிடும். மிஞ்சுவது எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளும் கலந்த கூட்டம். அதுதான் பிளாஸ்மா. எலக்ட்ரான் மிக இலேசானது. ஹைட்ரஜன் அயனிகூட அதைப்போல் 1836 மடங்கு கனம். இந்தக் கூட்டத்தில் ஒரு கொத்து எலக்ட்ரான்களைச் சற்றே நகர்த்தினால் என்ன ஆகும்? நகராமல் நின்ற அயனிகள் அவற்றைப் பின்னால் இழுக்கும். திரும்பி வரும் எலக்ட்ரான்கள் வந்த வேகத்தில் பழைய இடத்தைத் தாண்டிப் போகும், மறுபடி இழுபடும். இப்படி முன்னும் பின்னுமாக ஆடும் ஆட்டத்துக்கு ஓர் அதிர்வெண் உண்டு. அது எலக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது: அடர்த்தி நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். 1920களின் இறுதியில் லாங்மூரும் டாங்ஸும் இதை விளக்கினார்கள். இந்த ஆட்டம் பரவும்போது அதுதான் எலக்ட்ரான் பிளாஸ்மா அலை. அயனிகளும் சேர்ந்து நகரும் இன்னொரு அலையும் உண்டு. அது ஒலியைப் போன்றது, வெகு மெதுவானது. இதற்கு அயனி ஒலி அலை என்று பெயர்.

ஒளி ஒரு பிளாஸ்மாவுக்குள் நுழைய வேண்டுமென்றால் அதன் அதிர்வெண் பிளாஸ்மாவின் சொந்த அதிர்வெண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரான்கள் சுதாரித்து நகர்ந்து, ஒளியின் மின்புலத்தை உள்ளே விடாமல் தடுத்துவிடும். சிற்றலை வானொலி, மேலேயிருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது இதனால்தான். ஒளி இதற்கு மேல் போக முடியாது என்கிற அந்த எல்லைக்கு மாறுநிலை அடர்த்தி என்று பெயர். சுமார் 1 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசருக்கு அது கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10²¹ எலக்ட்ரான்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் இருக்கும் மூலக்கூறுகளைப் போல் சுமார் 40 மடங்கு. அலைநீளத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் எல்லை 9 மடங்கு உயரும். இந்த 9 என்ற எண் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

வலுவான லேசர் ஒரு திடப்பொருளின் மீது விழுந்ததும் அதன் மேற்பரப்பு உடனே பிளாஸ்மாவாகி வெளிப்பக்கம் விரிகிறது. அதற்குப் பிறகு வரும் ஒளியெல்லாம் இந்த விரிந்த பிளாஸ்மாவைக் கடந்துதான் இலக்கைத் தொட வேண்டும். வெளியே அடர்த்தி குறைவு, உள்ளே போகப் போக அதிகம். அந்தப் பயணத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

ஒளி தள்ளும்

ஒளி எவ்வளவு வலுவானது என்று பார்ப்போம். இணைவு ஆய்வுகளில் சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ முதல் 10¹⁵ வாட் வரை விழும். பின்னதை வார்த்தையில் சொன்னால் 10 கோடி கோடி வாட். தரையில் விழும் வெயில் அதே பரப்பில் 0.1 வாட்தான். 10¹⁵ வாட் செறிவில், 351 நானோமீட்டர் புற ஊதா ஒளிக்குள் சிக்கிய ஒரு எலக்ட்ரான் இப்படியும் அப்படியுமாக அரை நானோமீட்டர்தான் அசையும். ஆனால் அந்த அசைவின் உச்ச வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 1 சதவீதம், விநாடிக்குச் சுமார் 2,800 கிலோமீட்டர்.

ஆடும் எலக்ட்ரான் ஓர் அயனிமீது மோதினால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகும். இலக்கைச் சூடாக்க வேண்டும் என்பதால் நாம் விரும்புவது இதைத்தான். ஆனால் பிளாஸ்மா சூடேற ஏற மோதல்கள் குறைந்துபோகும். ஒளி உறிஞ்சப்படாமல் நீண்ட தூரம் பயணிக்கும்.

இந்த இடத்தில் ஒரு நுட்பமான விசை நுழைகிறது. ஒளியின் வலு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் எலக்ட்ரான் ஆடிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வரும். ஒரு பக்கம் ஒளி வலுவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் கதை வேறு. வலுவான பக்கத்தில் இருக்கும்போது பெரிய உதை கிடைக்கும். மங்கலான பக்கத்துக்குப் போனதும் திருப்பி அனுப்பும் உதை சிறியதாக இருக்கும். பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் எலக்ட்ரான் வெளிச்சமான இடத்திலிருந்து மங்கலான இடத்தை நோக்கி நகர்ந்திருக்கும். இதைப் பாண்டரோமோட்டிவ் விசை என்பார்கள். வெளிச்சம் எலக்ட்ரானை ஒதுக்கித் தள்ளும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சுழற்சி

எந்தப் பிளாஸ்மாவும் முழு அமைதியில் இருக்காது. வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருப்பதால், ஓரிடத்தில் கொஞ்சம் அதிகம், பக்கத்தில் கொஞ்சம் குறைவு என்று மெல்லிய அடர்த்தி அலைகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். லேசர் ஒளி அதன்மேல் விழுகிறது, எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆட்டப்படும் எலக்ட்ரான் தானும் ஒளியை உமிழும். அடர்த்தி எங்கும் சீராக இருந்தால் பின்பக்கம் உமிழப்படும் ஒளி தனக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன்னோக்கிப் போவது மட்டும் மிஞ்சும். அடர்த்தி அலை ஒன்று குறுக்கே இருந்தால் அந்த அழிப்பு முழுமையாகாது. துளியளவு ஒளி பின்னோக்கிக் கிளம்பும். அடர்த்தி அலையும் அதிர்ந்துகொண்டிருப்பதால், திரும்பும் ஒளியின் அதிர்வெண் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

இதுவரை நடந்தது வெறும் சிதறல். அடுத்த படியில்தான் விஷயமே இருக்கிறது. போகிற ஒளியும் திரும்புகிற ஒளியும் ஒரே இடத்தில் சேர்கின்றன. சேரும்போது வெளிச்சப் பட்டைகளும் மங்கல் பட்டைகளும் மாறி மாறி உருவாகும். இரண்டின் அதிர்வெண்ணும் வேறு என்பதால் பட்டைகள் நிற்காமல் நகரும். ஒலிக்கு நாம் படித்த விம்மல், ஒளிக்கும் இப்படி நிகழ்கிறது. விம்மலின் அதிர்வெண் என்ன? இரண்டு ஒளி அதிர்வெண்களின் வித்தியாசம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அடர்த்தி அலையின் அதிர்வெண்ணிலிருந்துதான். ஆகவே வெளிச்சப் பட்டைகள் அடர்த்தி அலையோடு அடி பிசகாமல் நகரும். வெளிச்சம் எலக்ட்ரான்களை ஒதுக்கித் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளல் ஒவ்வொரு முறையும் சரியான தாளத்தில் வந்து விழுவதால் அடர்த்தி அலை வளரும். வளர்ந்த அலை இன்னும் அதிக ஒளியைத் திருப்பும். அதிக ஒளி திரும்பினால் பட்டைகள் இன்னும் கூர்மையாகும், தள்ளல் இன்னும் பலமாகும்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கேட்கும் அலறலும் இதே வகைதான். வெளியே வந்த சத்தம் மறுபடி உள்ளே போய், பெருகி வெளியே வந்து, மறுபடி உள்ளே போகிறது. முதலில் இருந்த சத்தம் எவ்வளவு சிறியது என்பது ஒரு பொருட்டே இல்லை.

இந்தத் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் போக்கைத்தான் நிலையின்மை என்கிறார்கள். மேலே சொன்ன வலுவில், ஒரு பிக்கோ விநாடிக்கும் (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவான நேரத்தில் அலை மடங்கு மடங்காகப் பெருகிவிடும். இணைவு லேசரின் துடிப்பு பல நானோ விநாடிகள் நீள்கிறது; ஒரு நானோ விநாடி என்பது ஆயிரம் பிக்கோ விநாடி. அதாவது, பெருக்கத்துக்குத் தேவையானதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நேரம் கையில் இருக்கிறது.

சுழற்சி ஓட ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வந்த ஒளியின் அதிர்வெண், பிறக்கும் இரண்டு அலைகளின் அதிர்வெண்களைக் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். அலைகளின் திசையும் அலைநீளமும்கூட இதேபோல் ஒத்துப்போக வேண்டும். முன்னது ஆற்றல் அழியாமை, பின்னது உந்தம் அழியாமை. ஒரு ஒளி அலை உடைந்து இரண்டு அலைகளாகிறது. அந்த இரண்டும் எவை என்பதைப் பொறுத்துத்தான் பெயர் மாறுகிறது.

ராமன் சிதறல்

உடைந்து வருபவை ஓர் ஒளி அலையும் ஓர் எலக்ட்ரான் பிளாஸ்மா அலையும் என்றால் அது தூண்டப்பட்ட ராமன் சிதறல். 1928இல் சி. வி. ராமன் கண்டது மூலக்கூறுகளின் அதிர்வால் ஒளி நிறம் மாறுவதை. இங்கே மூலக்கூறு அதிர்வின் இடத்தில் பிளாஸ்மாவின் அதிர்வு இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 351 நானோமீட்டர் ஒளி, மாறுநிலை அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள பிளாஸ்மாவுக்குள் போகிறது. அங்கே பிளாஸ்மாவின் அதிர்வெண் லேசரின் அதிர்வெண்ணில் சுமார் 32 சதவீதம். மிச்சம் 68 சதவீதம் திரும்பும் ஒளிக்கு. கணக்குப் போட்டால் அதன் அலைநீளம் சுமார் 513 நானோமீட்டர். பிளாஸ்மாவின் வெப்பம் இதை இன்னும் கொஞ்சம் நீட்டும். ஆக, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவாக உள்ளே போன ஒளி பச்சையாக வெளியே வருகிறது! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. திரும்பி வரும் நிறத்தை நிறமாலையில் பிரித்துப் பார்த்தால், சிதறல் பிளாஸ்மாவின் எந்த அடர்த்தியில் நடந்தது என்று தெரிந்துவிடும். வெப்பமானி எதையும் உள்ளே விட முடியாத ஓரிடத்திலிருந்து அந்த ஒளியே தகவல் கொண்டுவருகிறது.

அடர்த்தி கூடினால் நிறம் சிவப்பை நோக்கி நகரும். மாறுநிலை அடர்த்தியில் கால் பங்கை எட்டும்போது திரும்பும் ஒளியின் அதிர்வெண் லேசரில் பாதியாகிவிடும். அதற்கு மேல் ராமன் சிதறல் நடக்காது. பிறக்கும் ஒளி அலை அந்தப் பிளாஸ்மாவுக்குள் உயிர்வாழ முடியாது.

சரி, கொஞ்சம் ஒளி திரும்பினால் கொஞ்சம் ஆற்றல் நட்டம், அவ்வளவுதானே என்று தோன்றலாம். பெரிய ஆபத்து திரும்பிய ஒளியில் இல்லை, பின்னால் தங்கிவிட்ட அந்த 32 சதவீதத்தில் இருக்கிறது. பிளாஸ்மா அலை வேகமாக ஓடும். ஏறக்குறைய அதே வேகத்தில் போகும் எலக்ட்ரான்களை அது தன்னோடு இழுத்துக்கொண்டு முடுக்கிவிடும். சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் வெப்பநிலை சில கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பது சுமார் ஒரு கோடி டிகிரி) என்றால், இவை பல பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பாயும். இணைவு எரிபொருளான டியூட்டீரியம்-டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கனமான இரு வகைகள்) -250 டிகிரி செல்சியசுக்கும் கீழே உறைந்த படலமாக இலக்குக்குள் இருக்கிறது. குளிர்ச்சியாக இருந்தால்தான் அதைக் கெட்டியாக நெருக்க முடியும். இந்த வேக எலக்ட்ரான்கள் முன்கூட்டியே அதைச் சூடாக்கிவிட்டால், அடுத்து வரும் அழுத்தம் எதற்கும் பயன்படாமல் போகும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1970களின் இறுதியில் இயங்கிய ஷிவா லேசர் இந்தப் பாடத்தைப் படித்தது. 20 கற்றைகள், சுமார் 10 கிலோஜூல், 1.06 மைக்ரான் அகச்சிவப்பு. இலக்கு எதிர்பார்த்த அளவு அழுந்தவில்லை. வேக எலக்ட்ரான்கள் ஏராளமாகக் கிளம்பின. அதன் பிறகு அங்கே கட்டப்பட்ட நோவா, நிஃப் (தேசியப் பற்றவைப்பு நிலையம்) என்ற இரண்டு லேசர்களும் அகச்சிவப்பைப் படிகங்கள் வழியே செலுத்தி, அலைநீளம் மூன்றில் ஒரு பங்கான 351 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்றிய பிறகே இலக்கை நோக்கி அனுப்பும்படி அமைந்தன.

(இதே அலையை வேண்டுமென்றே எழுப்பிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. 1979இல் தஜிமா, டாசன் என்ற இயற்பியலாளர்கள் முன்வைத்த யோசனை அது. மிகக் குறுகிய லேசர் துடிப்பின் பின்னால் எழும் பிளாஸ்மா அலையில் எலக்ட்ரான்களை முடுக்குவார்கள். 2019இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் வெறும் 20 சென்டிமீட்டர் நீளத்தில் 7.8 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டியதாக வெளியிட்டது.)

மற்ற உறவினர்கள்

ஒளி உடைந்து ஓர் ஒளி அலையும் ஓர் அயனி ஒலி அலையும் பிறந்தால் அது தூண்டப்பட்ட பிரில்லுவான் சிதறல். ஒலி அலையின் அதிர்வெண் மிகச் சிறியது என்பதால் ஏறக்குறைய மொத்த ஆற்றலும் திரும்பும் ஒளிக்கே போய்விடும். நிறம் மாறியதே தெரியாது. வேக எலக்ட்ரான் தொல்லை இதில் இல்லை, ஆனால் ஒளி வீணாகிறது. லேசரை நோக்கியே திரும்பி ஓடும் வலுவான ஒளி, வழியில் இருக்கும் விலையுயர்ந்த கண்ணாடிகளையும் கெடுக்கலாம். மாறுநிலை அடர்த்தி வரை எங்கு வேண்டுமானாலும் இது நடக்கும்.

பிறப்பவை இரண்டுமே எலக்ட்ரான் பிளாஸ்மா அலைகள் என்றால் இரட்டைப் பிளாஸ்மான் சிதைவு. இரண்டுக்கும் லேசரில் பாதி அதிர்வெண் என்பதால் கால் பங்கு அடர்த்தியை ஒட்டித்தான் நிகழும். அங்கிருந்து லேசரின் ஒன்றரை மடங்கு அதிர்வெண்ணில் ஒளி கசியும். அதைப் பார்த்ததும் ஆய்வாளர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

கற்றை நார் நாராகப் பிரிவது சற்று வேறு கதை. கற்றையில் ஓரிடம் பக்கத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து எலக்ட்ரான்கள் ஒதுக்கப்படும். அவற்றின் பின்னால் அயனிகளும் போகும். அடர்த்தி குறைந்த இடத்தில் ஒளிவிலகல் எண் கூடும், ஒளி அந்தப் பக்கம் வளையும். வளைந்து வந்து சேர்ந்த ஒளி அந்த இடத்தை இன்னும் வெளிச்சமாக்கும். மறுபடியும் அதே சுழற்சி. சராசரி வலு ஆபத்தில்லாத அளவில் இருந்தாலும், இப்படி உருவான நார்களுக்குள் அது எகிறிவிடும். ராமனும் பிரில்லுவானும் அங்கே தொடங்கிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன பறிப்புக்கு வருவோம். இரண்டு கற்றைகள் குறுக்கிடும் இடத்திலும் வெளிச்சப் பட்டைகள் உண்டாகும். அந்தப் பட்டைகளின் வேகம் அங்கேயுள்ள அயனி ஒலி அலையின் வேகத்தோடு பொருந்தினால் ஒரு கற்றையின் ஆற்றல் மற்றதற்குப் பாயும். நிஃப் லேசரில் 192 கற்றைகள், சுமார் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள தங்க உருளையின் இரு முனைத் துளைகள் வழியே நுழைகின்றன. அந்தத் துளைகளில் கற்றைகள் நெருக்கியடித்துக் குறுக்கிடுவதால் இந்தப் பரிமாற்றம் கட்டாயம் நடக்கும். அதைத் தடுக்க முடியாத நிலையில், அங்கிருப்பவர்கள் அதையே ஒரு கருவியாக்கினார்கள். கற்றைக் கூட்டங்களுக்கு இடையே அலைநீளத்தை ஒரு நானோமீட்டருக்கும் குறைவாக மாற்றுவார்கள். அதைக் கொண்டே எந்தக் கற்றைக்கு எவ்வளவு ஆற்றல் போக வேண்டும் என்று திருகி, உள்ளிருக்கும் குட்டி எரிபொருள் உருண்டை எல்லாப் பக்கமும் சமமாக அழுந்தும்படி செய்கிறார்கள்.

எப்படித் தணிப்பது?

எல்லாச் சுழற்சியும் ஓடிவிடாது. பிளாஸ்மா அலைக்கு இழப்புகள் உண்டு. மோதல்களால் தணியும், தன் வேகத்தில் வரும் எலக்ட்ரான்களுக்கு ஆற்றலைக் கொடுத்தும் தணியும். இந்த இரண்டாவதற்கு லாண்டாவ் தணிவு என்று பெயர். வளர்ச்சி இந்த இழப்பை முந்தினால்தான் நிலையின்மை தலைதூக்கும். அடர்த்தி இடத்துக்கு இடம் வேகமாக மாறினாலும் தப்பிக்கலாம்: அதிர்வெண் நிபந்தனை ஒரு குறுகிய பகுதியில் மட்டுமே நிறைவேறும், அலை அதற்குள் வளர நேரம் கிடைக்காது. பெரிய இலக்குகளில் பிளாஸ்மா நீண்டு, அடர்த்தி மெதுவாக மாறுகிறது. இலக்கு பெரிதாகப் பெரிதாகத் தொல்லையும் வளர்வதற்குக் காரணம் அதுதான்.

அலைநீளத்தைக் குறைப்பதே மிகப் பெரிய ஆயுதம். எலக்ட்ரான் ஆடும் வேகம் அலைநீளத்தோடு சேர்ந்து குறையும். கூடவே அந்த 9 மடங்கு உதவிக்கு வருகிறது: ஒளி அதிக அடர்த்தி வரை போக முடிவதால் மோதல்கள் அதிகம், உறிஞ்சலும் அதிகம். கற்றையை ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளாகச் சிதைத்து (1984இல் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்த உத்தி), அந்தப் புள்ளிகளை வேகமாக இடம் மாற்றிக்கொண்டே இருப்பது (1989, அமெரிக்காவின் ராச்செஸ்டர்) இன்னொரு வழி. ஓரிடத்தில் நார் உருவாகும் முன்பே வெளிச்சம் வேறிடத்துக்குப் போய்விடும்.

இலக்கின் வடிவமைப்பும் உதவும். நிஃபின் தொடக்க ஆண்டுகளில் தங்க உருளைக்குள் ஹீலியத்தை அதிக அடர்த்தியில் நிரப்பினார்கள். சுவரிலிருந்து கிளம்பும் பிளாஸ்மாவைப் பிடித்துவைக்க அது தேவைப்பட்டது. ஆனால் உள்ளே போன ஒளியில் சுமார் 15 சதவீதம் சிதறி வெளியேறியது. பின்னர் வாயுவைப் பெரிதும் குறைத்ததும் சிதறல் வெகுவாக இறங்கியது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளிவந்த பரிசோதனையிலும் வாயுவின் அடர்த்தி குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது.

இப்போது நம்பிக்கை தரும் இன்னொரு வழி, ஒரே நிறமாக இருக்கும் லேசரைப் பல நெருங்கிய நிறங்களின் கலவையாக மாற்றுவது. சுழற்சியின் உயிரே தாளத்தில் இருக்கிறது: வெளிச்சப் பட்டைகள் அடர்த்தி அலையோடு பிசகாமல் நகர வேண்டும். அதிர்வெண் பரப்பு நிலையின்மை வளரும் வேகத்தைவிட அகலமாக இருந்தால், பட்டைகள் ஓர் இடத்தில் உதவி மறு இடத்தில் இடறும். அலை வளர்வதற்குள் தாளம் தப்பிவிடும். எந்த அகலம் போதும் என்பது நிலையின்மைக்கு நிலையின்மை மாறுகிறது. மெதுவான அயனி ஒலியை நம்பியிருக்கும் கற்றைப் பறிப்பை அடக்குவது சுலபம், வேகமாக வளரும் ராமனுக்கு இன்னும் அகலம் வேண்டும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வகத்தில் இதற்கென்றே அகன்ற அலைவரிசை லேசர் ஒன்றை உருவாக்கி வருகிறார்கள்.